நிலாக் கூலிக்கு நான் வக்கீல்

8 ஜூன் 2025, ஞாயிறு

வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். நூலக மாடியில் இருப்பது ஒரே மின்விசிறி. அதற்கு அடியில் உட்காரும் உரிமை வயதில் மூத்தவர்களுக்கு என்பதால் எனக்கும் வெள்ளைத்தாய் டீச்சருக்கும் எப்போதும் இடம் கிடைத்துவிடும்.

வருஷக் கடைசியில் நடக்கும் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் எங்கள் வட்டத்துக்கு ஒரு மாலை மேடை தருகிறார்களாம். இந்த நூற்றாண்டில் தமிழில் வந்த அறிவியல் நாவல்களில் சிறந்தது எது என்று நாங்களே விவாதித்து முடிவு செய்து, அந்த ஒரு நாவலைப் பற்றி அங்கே பேச வேண்டும். செயலாளர் ராஜபாண்டியன் இதை அறிவித்ததும் நான் கை தூக்கிவிட்டேன்: "பதினோராம் சுற்று."

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? சனிக்கோளைச் சுற்றும் ஒரு கப்பல். எரிபொருள் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது வெளியே எறிந்தால்தான் வேகம் கூடி ஊர் திரும்பலாம். எதை எறிவது என்பதுதான் முழு நாவலும். அதில் வரும் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், தசமப் புள்ளி வரை சரி. உந்த அழிவின்மை விதிக்கு இதைவிட நல்ல உதாரணத்தை முப்பது வருஷம் இயற்பியல் நடத்திய நானே சொன்னதில்லை.

வெள்ளைத்தாய் டீச்சர் வழிமொழிவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வரலாறு நடத்தியவர். ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஒரே வருஷம் ஓய்வு பெற்றோம். நான் சொல்வதை அவரும், அவர் சொல்வதை நானும் வழிமொழிவது சொல்லாமலே நடக்கும். இன்று, "நான் இன்னும் முடிவு பண்ணல டீச்சர்" என்றார்.

அப்போது பானுப்பிரியா எழுந்தாள். இந்த வருஷம் சேர்ந்தவள், முப்பது வயது இருக்கும். ஊர் ஆனைக்குட்டம். சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் படங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் வேலை. அவள் சொன்ன நாவல் "நிலாக் கூலி". நிலவில் சுரங்கம் தோண்டப் போகும் பெண்களின் கதை. நூலகப் பிரதியை நானும் வேகமாகப் படித்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அதுல ஒரு குழி வெடிக்குது. தூரத்துல இருக்கிற பொம்பளைகளுக்குச் சத்தம் கேக்குது. நிலாவுல காத்து ஏதும்மா?"

கூட்டமே சிரித்தது. பானுப்பிரியா உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைத்தாய் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன்? தெரியவில்லை. எழுதத் தோன்றியது.

10 ஜூன், செவ்வாய்

"நிலாக் கூலி"யை வெள்ளைத்தாய் டீச்சர் போன மாதமே படித்துவிட்டாராம். பானு கொடுத்தாளாம். என்னிடம் சொல்லவில்லை.

15 ஜூன், ஞாயிறு

எங்கள் வழக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த நாவலும் எங்கள் இருவருக்குமாக ஒரே பிரதிதான். முதலில் நான் படித்து ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன். பிறகு அவர் படித்து அதற்குக் கீழே பதில் எழுதுவார். "இது நடக்காது, காற்றழுத்தம் போதாது" என்று நான் எழுதினால், "காற்றழுத்தத்தை விடுங்கள் டீச்சர், அந்தத் தளபதிக்குப் புத்தி போதாது" என்று அவர் எழுதுவார். ஆசிரியர் அறையில், விடைத்தாள் திருத்தும் அலுப்புக்கு நடுவில் தொடங்கிய பழக்கம்.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். விவாதத்துக்காக "பதினோராம் சுற்று" நாவலை இன்னொரு முறை படிக்கலாம் என்று அலமாரியில் தேடினேன். இல்லை.

"பானு கேட்டுச்சு, குடுத்துட்டேன்" என்றார், மோர் கலக்கிக்கொண்டே.

நம் பென்சில் எழுத்தோடா என்று கேட்டேன்.

"அதப் படிக்கத்தான் டீச்சர் வாங்குச்சு. நம்ம ரெண்டு பேரும் சண்ட போடுறத ஒளிஞ்சிருந்து கேக்குற மாதிரி இருக்குதாம். விழுந்து விழுந்து சிரிக்கு."

மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் உப்பே இல்லை.

19 ஜூன், வியாழன்

நான் டீச்சர். அவர் அக்கா. பானு அப்படித்தான் கூப்பிடுகிறாள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, நரையும் ஏறத்தாழ ஒரே அளவு. அவர் எந்த வகையில் அக்கா ஆனார், நான் எந்த வகையில் டீச்சராகவே நின்றுவிட்டேன்?

25 ஜூன், புதன்

காலையில் வெள்ளைத்தாய் டீச்சரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். நேற்று ஆனைக்குட்டம் அணைக்கட்டில் அவரும் பானுவும். முன்னால் இலையில் பொரித்த மீன். அவருக்கு முள் எடுக்கத் தெரியாது. எங்கே போனாலும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். நேற்று யார் எடுத்துக் கொடுத்தார்கள்?

வீட்டில் இவரிடம் படத்தைக் காட்டினேன். "நல்லாத்தான இருக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், அந்தப் புள்ள உன் சொத்தையா எழுதிக் கேட்டுச்சு?" என்றார்.

ஒரு உதாரணம் சொல்லிப் பார்க்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒட்டிப் பிறந்தவர்கள் போல இருவர் இருப்பார்கள். வருஷ நடுவில் புதிதாக ஒருத்தி வந்து சேர்வாள். ஒரு வாரத்துக்குள் பழைய இருவரில் ஒருத்திக்கு வயிறு வலிக்கும், கரும்பலகை தெரியாது, அந்த பெஞ்சில் உட்கார முடியாது. நான் சிரித்துக்கொண்டே இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இப்போது எனக்கு வயிறு வலிக்கிறது. இதற்குப் பெயர் பொறாமை. எழுதிவிட்டேன். எழுதியதால் ஒன்றும் குறையவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

இன்று நாவல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ரோபோ மருமகள் வரும் நாவலை, அதன் மாமியார் நம்பும்படி இல்லை என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். காலயந்திரத்தில் பாண்டியர் காலத்துக்குப் போகும் நாவலை வெள்ளைத்தாய் டீச்சர் ஒரே வரியில் முடித்தார்: அந்தக் காலத்தில் மதுரையில் மிளகாயே கிடையாது, கதாநாயகனோ மிளகாய் பஜ்ஜி தின்கிறான். அவர் அப்படிப் பேசும்போது எனக்கு எவ்வளவு பிடிக்கிறது! நான் சிரித்துத் திரும்புவதற்குள் அவர் பானுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மிஞ்சியவை "பதினோராம் சுற்று", "நிலாக் கூலி" இரண்டும்தான். ஆகஸ்ட் பத்தாம் தேதி பட்டிமன்றம் வைத்து முடிவு செய்வது, வெள்ளைத்தாய் டீச்சர் நடுவர் என்று ஆயிற்று. நான் மனதுக்குள் என் பேச்சைத் தொடங்கியே விட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"அவுகவுக புத்தகத்துக்கு அவுகவுகளே பேசுனா புதுசா என்னத்தக் கேக்கப் போறோம்? மாத்திப் பேசட்டும். நிலாக் கூலிக்குச் சொர்ணம் டீச்சர். பதினோராம் சுற்றுக்குப் பானு. எது ஜெயிக்குதோ அது மேடைக்குப் போகட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பட்டிமன்றத்தில் நம்பாத கட்சிக்கு வாதாடுவது புதிதல்ல, நானே செய்திருக்கிறேன். ஆனால் இந்த யோசனை யாருடையது? அணைக்கட்டில் மீன் தின்றுகொண்டே இருவரும் பேசி வைத்ததா?

7 ஜூலை, திங்கள்

நான் நன்றாகப் பேசினால் அவள் நாவல் ஜெயிக்கும். மோசமாகப் பேசினால் என் நாவல் ஜெயிக்கும். இதை ஒருவருமா யோசிக்கவில்லை?

13 ஜூலை, ஞாயிறு

மோசமாகப் பேசுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பேச்சுப் போட்டிகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்! முதலில் விளக்கம்: நிலா என்றால் என்ன, கூலி என்றால் என்ன. பிறகு நூலாசிரியரின் பிறந்த ஊர். பிறகு கதைச் சுருக்கம், முதல் அத்தியாயத்திலிருந்து. பாதியில் மணி அடித்துவிடும். நேரம் போதவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். வேண்டுமென்றே தோற்றேன் என்று தெரியவே தெரியாது.

இன்று அப்படி ஒரு உரையை எழுதி முடித்தேன். உரக்கப் படித்துப் பார்த்தேன். எவ்வளவு அழகாகச் சொதப்பியிருக்கிறேன்! மனம் லேசாக இருந்தது. லேசாக இருந்ததுதான் உறுத்துகிறது.

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. மல்லாங்கிணற்றில் தங்கை மாரிச்செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். கோயிலில் கூழ் குடித்துவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து இருவரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். தண்ணீர் குடிக்க எழலாம் என்று கையைத் தரையில் ஊன்றினேன். உள்ளங்கையில் சட்டென்று ஒரு அதிர்வு. அடுக்கில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

மாரிச்செல்வி தலை நிமிராமல், "குவாரியிலதான் வேட்டு வெக்கிறாகக்கா. பட்டாசுக் கம்பெனி வெடிச்சா வேற மாதிரி கேக்கும்" என்றாள்.

நான் எழவில்லை. கை தரையிலேயே இருந்தது.

பாறை வழியாக அதிர்வு காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வரும். தண்டவாளத்தை உதாரணம் காட்டி எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன்! காற்றே இல்லாவிட்டாலும் வரும். அப்படியானால் நிலவிலும் வருமே?

திரும்பும்போது பஸ்ஸில் "நிலாக் கூலி"யை எடுத்தேன். வெடிக்கும் பக்கத்துக்கு முந்தைய பக்கம். அந்தப் பெண்கள் முழங்காலிட்டு, கையுறையைப் பாறையில் ஊன்றி, தலைக்கவசத்தையும் தரையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த குழியில் வேட்டு வைக்கும் நேரத்தில் தினமும் அப்படிச் செய்வது அவர்கள் வழக்கம். அங்கே வேலை பார்ப்பவர்கள் அவர்களுடைய அக்கா தங்கைகள். பாறை வழியாக வந்த அதிர்வு கவசத்துக்குள் இருக்கும் காற்றில் சத்தமாகிறது. எழுதியவர் இதை விளக்கவில்லை, காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நானோ எங்கே தப்பு என்று தேடிக்கொண்டு ஓடியவள், அந்தப் பக்கத்தை நின்று பார்க்கவே இல்லை.

20 ஜூலை, ஞாயிறு

இது வேறு யாருக்கும் தெரியாது. பானுவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே எழுந்து சொல்லியிருப்பாள். நான் வாயை மூடிக்கொண்டால் போதும்.

ஒருத்தி சரியான விடை எழுதியிருக்கிறாள், அவசரத்தில் தப்பு போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். தாளைத் திரும்ப வாங்கித் திருத்த மாட்டேனா? திருத்துவேன். ஆனால் இங்கே திருத்தினால் எனக்கு என்ன மிச்சம்? நாவலும் போகும். டீச்சரும் போவார். இருவரும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். கீழே நாற்காலியில் உட்கார்ந்து நான் கை தட்டணும். தட்டணுமா? எதுக்குத் தட்டணும்?

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சிவகாசியில் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடும் நாள் என்பதால் பானு கூட்டத்துக்கு வரவில்லை. வெள்ளைத்தாய் டீச்சர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "பாவம் பானு, ஆர்டர் சீசன், சாப்புடக்கூட நேரமில்லாமக் கெடக்கு" என்று அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வந்தால் ஒரு நாற்காலிதான் அவளுக்கு. வராவிட்டால் கூட்டம் முழுவதும் அவள்தான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பைக்குள் சொதப்பல் உரையையும், பிறகு எழுதிய நல்ல உரையையும் வைத்துக்கொண்டு போனேன். எதை எடுப்பது என்று படியேறும்போதும் தெரியாது.

பானு முதலில் பேசினாள். சுமாராகத்தான் பேசுவாள் என்று நினைத்திருந்தேன். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது எதை விட்டுவிட்டுப் போவோம் என்று கேட்டுத் தொடங்கினாள். பிறகு கணக்கு வரும் பக்கத்துக்கு வந்தாள்.

"இந்தப் பக்கத்த எல்லாரும் தாண்டிருவாக. நானும் மொதல்ல தாண்டிட்டேன். ஓரத்துல யாரோ பென்சில்ல எழுதி வெச்சிருந்தாக. 'இங்கே நில். இந்த எண் ஒரு ஆளின் எடை'ன்னு. நின்னேன். அதுக்கப்புறம் அந்தக் கணக்கு எங்க சரியா வந்துருமோன்னு எனக்குக் கை வேர்த்துருச்சு. ஒரு கூட்டல் கழித்தலுக்கு நான் பயந்தது அதுதான் மொதத் தடவ."

யாரோ என்றாள். என்னைப் பார்க்கவில்லை. அது என் எழுத்து, என் பென்சில். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என் நாவலை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். இனி அந்த நாவலும் இவளுக்கே என்பது போல வெள்ளைத்தாய் டீச்சர் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது. நன்றாகத்தான் பேசுகிறாள், ஆனால் நாமும் பேசத் தெரிந்தவர்கள்தான் என்று தோன்றியது. பைக்குள் கை விடவே இல்லை. நல்ல மனதால் எழுந்தேன் என்று பிற்பாடு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

"ஜூன் மாசம் இதே மாடியில நான் ஒரு கேள்வி கேட்டேன், எல்லாரும் சிரிச்சீக. அந்தக் கேள்வி தப்பு" என்று தொடங்கினேன்.

வாசிப்பு மேஜை நீளமானது. எல்லோரையும் குனிந்து அதில் காதை ஒட்டி வைக்கச் சொன்னேன். மறு கோடியில் ராஜபாண்டியனை நகத்தால் சுரண்டச் சொன்னேன். கேட்டது. நிமிரச் சொல்லி இன்னொரு முறை சுரண்டச் சொன்னேன். கேட்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைப் படித்தேன், முழங்காலிடும் இடத்திலிருந்து.

"நம்ம பக்கத்துல பெருசா ஒரு சத்தம் கேட்டா எந்தத் தெசன்னுதான் மொதல்ல பாப்போம். அதுக்கும் முந்தி வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் சொல்லிரும். அந்தப் பொம்பளைகளுக்குத் தரைதான் சொல்லுது. இம்புட்டுத்தான் இதுல உள்ள அறிவியல். இத என்னைய மாதிரி வெளக்கிக்கிட்டு நிக்காமப் போனாகல்ல, அதுக்குப் பேருதான் எழுத்து."

புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு மூன்று பேர் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைத்தாய் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரைப் புள்ளி வித்தியாசத்தில்தான் என்றார். தீர்ப்பு: "நிலாக் கூலி". கீழே இறங்கும்போது என் காதருகில், "நீங்க தப்புன்னு உங்க வாயால சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன் டீச்சர். வயசாயிருச்சு உங்களுக்கு" என்றார்.

என் புத்தகம் தோற்றது. நான் ஜெயித்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. நூலக வாசலில் பானு என்னைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்.

"ஒங்க புத்தகத்த நீங்களே கவுத்துட்டீகளே டீச்சர்."

"ஒன் புத்தகம்தானம்மா ஜெயிச்சிருக்கு?"

"நிலாக் கூலி எங்கம்மா கத. எங்கம்மா விடிய முன்ன ஏழாயிரம்பண்ணைக்கு வேன்ல போறவ. அதப் படிச்சா எனக்கு அழுக வராம என்ன செய்யும்? சனிக்கோளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க. அங்கன வரைக்கும் கூட்டிட்டுப் போயி, யாரோ ஒரு ஆளுக்காக என்னைய அழ வெச்சுச்சுல்ல, அதான் பெரிய நாவல்."

அவள் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மனம் ஒரு கணம் அடங்கியது. ஆனால் வாதத்தில் விட்டுக்கொடுக்க முடியுமா? தெரியாத இடத்தில் தெரியாத வலியைக் காட்டுவது எளிது, சரிபார்க்க ஆள் கிடையாது என்றேன். தெரிந்த வலியை நிலவு வரை தூக்கிக்கொண்டு போய், தெரிந்தவர்களையே முதல் முறை போல நம்ப வைப்பதுதான் கடினம் என்றேன். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எல்லோரும் பார்த்த ஆப்பிளை விழவைத்து ஆச்சரியப்படுத்துவது போல. அவள் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். பேசிக்கொண்டே பஸ் நிலையம் வரை நடந்தோம். சிவகாசி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, அவள் ஏறவில்லை.

வெள்ளைத்தாய் டீச்சரும் எங்களோடுதான் நடந்து வந்தார். கால் வலிக்கிறது என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டாராம். எப்போது போனார் என்று நான் கவனிக்கவே இல்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பானு தினமும் மதிய சாப்பாட்டு நேரத்தில் போன் செய்கிறாள். நான் "நிலாக் கூலி" கட்சி, அவள் "பதினோராம் சுற்று" கட்சி. யாராவது நடுவில் கேட்டால் பைத்தியம் என்பார்கள். என்னை ஏன் அக்கா என்று கூப்பிடுவதில்லை என்று கேட்டேவிட்டேன். அக்காவோடு இப்படிச் சண்டை போட முடியாதாம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சிவகாசி போய் வந்தேன். பானு அவள் வடிவமைத்த காலண்டர்களைக் காட்டினாள். ஒரு முருகனுக்குப் பின்னால் வானத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, வளையத்தோடு சனிக்கோளை வைத்திருக்கிறாள். முதலாளி இன்னும் பார்க்கவில்லையாம். பிறகு புத்தகக் கடையில் புதிதாக வந்த அறிவியல் நாவல் ஒன்றை வாங்கினோம். இருவருக்கும் சேர்த்து ஒரே பிரதி. முதலில் அவளே படிக்கட்டும் என்றேன்.

வெள்ளைத்தாய் டீச்சரிடம் சொல்ல மறந்துவிட்டது. மறந்துதான் விட்டதா?

14 செப்டம்பர், ஞாயிறு

மாலையில் வெள்ளைத்தாய் டீச்சர் போன் செய்தார். சாப்பிட்டீகளா, இவர் எப்படி இருக்கிறார், மழை வருமா என்றெல்லாம் கேட்டார். பிறகு, "புதுசா ஒண்ணு வாங்கிருக்கீகளாமே. பானு முடிச்சு உங்க கையில குடுத்துருச்சாம்" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நான் கேக்கக் கூடாதுதான். அடுத்தாப்புல எனக்கா, இல்ல வேற ஆரும் வரிசையில நிக்காகளா?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எவ்வளவு சிரமப்பட்டு அதைச் சாதாரணமாக வைத்திருக்கிறார் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சந்தோஷம் வந்து போனது, அதையும் எழுதத்தான் வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போல.

அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. என்னால்தான் பொறுக்க முடியவில்லை. "நாளைக்கே கொண்டாறேன் டீச்சர். எனக்கு இன்னும் மூணு அத்தியாயம் பாக்கி. பரவால்ல, நீங்க மொதல்ல முடிங்க" என்றேன்.

சரி என்றார். போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தப் புள்ளகிட்ட அதப் பத்திப் பேசாதீக, என்ன?"

"பேச மாட்டேன்" என்றேன் உடனே.

சற்று நேரத்தில் பானு கூப்பிட்டாள். கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டீர்களா என்று கேட்கத்தான் இருக்கும். ஒரு வாரமாக அதற்குக் காத்திருக்கிறாள். மேஜைமேல் போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து இவர், யார் போன் என்று கேட்டார். யாரோ தப்பான நம்பர் என்றேன்.